அக்கரை எந்தப் பக்கம்?

பேசாலைக்கு வெளியூரில் இருந்து ஆட்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட எங்கள் எல்லார் வீட்டிலும் ஒரே பட்டியல்தான். மன்னார்க் கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம், திருக்கேதீஸ்வரம், மடு. நேரம் மிஞ்சினால் கடைசியாகத் தலைமன்னார் பியர். அங்கே பார்க்க என்ன இருக்கு என்று கேட்டால் சொல்வது கஷ்டம். ஒரு வெளிச்சவீடு, துருப்பிடித்துக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பழைய இறங்குதுறை, ரயில் வந்து நிற்கும் இடம், பிறகு கடல். அவ்வளவுதான்.

போன லீவுக்கு எங்களோடு கம்பஸில் படிக்கும் ஹற்றன் பிள்ளை ஒருத்தி வந்திருந்தாள். மற்ற எல்லா இடமும் பார்த்து முடித்து, பொழுது சாயிற நேரம்தான் அவளைப் பியருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நாங்கள் படம் எடுத்துக்கொண்டு நிற்க, அவள் கடலைப் பார்த்தபடி மெல்லக் கேட்டாள்: "எங்க தாத்தாவோட தம்பி குடும்பம் இங்கதான் கப்பல் ஏறுனாங்களாம். நீங்க ஏன் இத கடைசியா காட்டுறீங்க?"

எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கப்பல் போய்ச் சேர்ந்த பக்கம் எங்களுக்குத் தெரியாத இடம் இல்லை. பன்னிரண்டு வருடம் அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறோம். அங்கே இருந்த கடைசி வருடம், ஒரு நாள் கார் பிடித்து, அந்த நிலம் கடலுக்குள் முடிகிற முனை வரைக்கும் போயும் பார்த்திருக்கிறோம். அவளுக்கு அன்றைக்கு அரைகுறையாகச் சொன்ன கதையைத்தான் இங்கே ஒழுங்காக எழுதப் பார்க்கிறோம்.

இதில் 'நாங்கள்' என்பது ஒரே வீட்டில் வளர்ந்த மூன்று பேர். அக்கா, தம்பி, பெரியம்மாவின் மகள். ஒருத்தர் எழுத மற்ற இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து சண்டை பிடித்தோம். ஆகவே பிழை இருந்தால் மூன்று பேருக்கும் பங்கு உண்டு.

வெளிநாடு எண்டா எது?

2018 மே மாதம். அப்போது எங்கள் வீடு மண்டபம் முகாமில். பிரான்ஸில் இருக்கும் மாமா, மாமியையும் பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு எங்களைப் பார்க்க வந்திருந்தார். அவர் பேசாலையை விட்டுப் போனது தொண்ணூறுகளில். ஊருக்குப் போகப் பயம், எங்களையும் பார்க்க வேண்டும், ஆகவே இந்தியாவுக்கு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தமிழ்நாடுதான் சொந்தக்காரரைச் சந்திக்கிற இடமாக இருந்தது.

வந்த இரண்டாம் நாள் மாமா ஒரு டவேராவை வாடகைக்குப் பிடித்தார். "எல்லாரும் ஏறுங்கோ, தனுஷ்கோடி பாத்திட்டு வருவம்." நாங்கள் பாய்ந்து ஏறினோம். அதுவரைக்கும் அங்கே நாங்கள் போனதில்லை. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் தார் றோட்டு வந்ததே 2017 ஜூலையில்தான். அதற்கு முன்னால் பாதி வழியில் வாகனத்தை விட்டுவிட்டு, மணலுக்குள் ஓடுகிற வான்களில் காசு கொடுத்துப் போக வேண்டும். முகாமில் இருக்கிற ஆட்களுக்கு அது வீண் செலவு. அன்றைக்குச் செக்கிங்கும் இல்லை. செக்கிங் என்றால் ஆட்களைக் கூப்பிட்டுக் கணக்கெடுக்கிற நாள். எல்லாரும் பதிவில் நின்றாக வேண்டும். மற்ற நாட்களில் போகலாம், பொழுதுபட முதல் வந்துவிட்டால் சரி.

காருக்குள் மாமா டிரைவர் அண்ணனிடம் சொன்னார், "நாங்கள் வெளிநாட்டில இருந்து வந்திருக்கிறம், அவை இங்கத்தை ஆக்கள்." எங்களைத்தான் 'இங்கத்தை ஆக்கள்' என்றார். அதை அன்றைக்கு நாங்கள் கவனிக்கவில்லை. இப்போது யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. எங்களுக்கும் அது வெளிநாடுதான். ஆனால் முகாமில் இருக்கிறதை ஒருத்தரும் 'வெளிநாட்டில் இருக்கிறார்கள்' என்று சொல்வதில்லை. பாஸ்போர்ட்டோடு போனால் வெளிநாடு, வள்ளத்தில் போனால் அகதி. மாமாவும் ஒரு காலத்தில் அகதியாகப் போனவர்தான் என்பது இன்னொரு விஷயம்.

பாம்பன் பாலத்தில் டிரைவர் அண்ணன் காரை மெதுவாக்கினார். 1988இல் திறந்த றோட்டுப் பாலத்தின் மேலே நாங்கள். கீழே பக்கவாட்டில் 1914இல் கட்டிய ரயில் பாலம். கப்பல் வந்தால் நடுவில் பிரிந்து தூக்குகிற பாலம் அது. இப்போது அதற்குப் பதிலாகப் புதுப் பாலம் வந்துவிட்டது. மே மாதம் என்றபடியால் றோலர்கள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15இல் இருந்து 61 நாட்களுக்கு அங்கே விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மாமாவின் மகன் எண்ணத் தொடங்கி நூறுக்குப் பிறகு விட்டுவிட்டான்.

ஒரே டிக்கெட்டில் கொழும்பு

ராமேஸ்வரம் தாண்டியதும் றோட்டின் இரண்டு பக்கமும் கடல். டிரைவர் அண்ணன் இடது பக்கத்தைக் காட்டி "இது பெண் கடல்" என்றார், வலது பக்கத்தைக் காட்டி "அது ஆண் கடல்" என்றார். அமைதியாகக் கிடக்கிற பாக்குநீரிணைப் பக்கம் பெண், அலை அடிக்கிற மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண். அம்மம்மா பின் சீற்றில் இருந்து, "எங்கட ஊரிலயும் இதே ரெண்டு கடல்தான், நாங்கள் வடகடல் தென்கடல் எண்டு சொல்லுவம்" என்றா. உண்மைதான். மன்னார்த் தீவும் தனுஷ்கோடி நிலமும் ஒரே நீளத்தில் ஒன்றை ஒன்று நோக்கி நீட்டிய இரண்டு கைகள் மாதிரி. நடுவில் மணல் தீடைகள். இரண்டு முனைக்கும் இடையில் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர்தான்.

இந்தத் தூரம்தான் தனுஷ்கோடியை ஒரு பட்டினமாக்கியது. 1914 பெப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதே வருடம் இந்தப் பக்கம் மதவாச்சியில் இருந்து தலைமன்னார் வரைக்கும் ரயில் வந்தது. நடுவில் கப்பல். சென்னை எழும்பூரில் ஒரு டிக்கெட் எடுத்தால் அதே டிக்கெட்டில் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். ரயிலில் தனுஷ்கோடி, அங்கே கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். அந்த ரயிலுக்கு 'போட் மெயில்' என்று பெயர். கப்பல் நின்று நாற்பது வருடத்துக்கு மேலாகியும் ராமேஸ்வரத்தில் சென்னை ரயிலை இன்னமும் போட் மெயில் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கப்பலில் போனவர்களில் அம்மம்மாவும் ஒருத்தி. அறுபதுகளின் தொடக்கம், அவவுக்குப் பதினாறோ பதினேழோ வயது, வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன். பேசாலையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கியிருக்கிறா. காருக்குள் அவ அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தா. ஸ்டேசனில் மின்சார வெளிச்சம். சுங்கக்காரர் பெட்டியைக் கிளறினது. வெயிலில் நின்று தேத்தண்ணி குடித்தது. மாமி சிரித்தா, "அம்மா, அது ஆரும் இல்லாத இடமாம், அங்க என்ன ஸ்டேசன்?"

அங்கே போய் இறங்கினபோது ஸ்டேசன் இருந்தது. இரண்டு மூன்று சுவர்களாக. கிட்டவே தண்ணீர்த் தாங்கி நின்றதன் தூண்கள். அதற்கு அங்கால பவளக்கல்லால் கட்டின கோயில், கூரை இல்லாமல், முன் வளைவு மட்டும் மிஞ்சி. ஓலைக் கொட்டில்களில் சங்கு மாலையும் பொரித்த மீனும் விற்றுக்கொண்டிருந்தார்கள். 'பேய் நகரம்' என்று ஒரு வழிகாட்டி யாரோ ஒரு குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. அம்மம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கோயிலுக்குள் முழந்தாளிட்டு ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னா. சுற்றிவர ஆட்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவ ஒன்றையும் பார்க்கவில்லை.

53 நாட்கள்

தனுஷ்கோடி அழிந்த கதை தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பாம்பனில் இருந்து வந்த பயணிகள் ரயில் தனுஷ்கோடிக்குக் கிட்ட வந்தபோது அலை அதை அப்படியே மூடியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பட்டினம் தண்ணீருக்குள் போனது. அரசாங்கம் இனி அங்கே ஆட்கள் குடியிருக்க முடியாது என்று அறிவித்தது. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அந்த நேரம் ராமேஸ்வரத்துக்கு வந்திருந்த கதையை டிரைவர் அண்ணன் இரண்டு தரம் சொன்னார்.

அதே புயல் இந்தப் பக்கமும்தான் அடித்தது. மன்னார்த் தீவில் வீடுகளும் வள்ளங்களும் போயின, கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. ஆனால் தனுஷ்கோடிக்கு இருக்கிற மாதிரி அதற்கு ஒரு இடம் இல்லை. சுவர் நிற்கவில்லை, ஆகவே யாரும் வந்து பார்ப்பதும் இல்லை. அம்மம்மா மாதிரி ஆட்கள் இருக்கும் வரைக்கும்தான் அது இருக்கும்.

கம்பஸுக்கு வந்த பிறகு, நவீன இலங்கை வரலாறு படிக்கும்போது ஒரு திகதியில் நாங்கள் நின்றுவிட்டோம். 1964 ஒக்டோபர் 30. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். புயலுக்குச் சரியாக 53 நாட்களுக்கு முன்னால்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் சுமார் ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள். அவர்களை என்ன செய்வது என்று இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மொத்தம் 975,000 பேர். அதில் 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள். தோட்டத்தில் இருக்கிற ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஐந்து இலட்சம் பேரை அனுப்ப முடிவெடுத்து 53 நாட்களில் அவர்கள் போய் இறங்க வேண்டிய துறைமுகத்தைக் கடல் எடுத்தது. அதற்காக ஒப்பந்தம் நிற்கவில்லை. கப்பலைத் தனுஷ்கோடிக்குப் பதிலாக ராமேஸ்வரத்துக்கு விட்டார்கள். 'ராமானுஜம்' என்ற கப்பல். மலைநாட்டில் இருந்து ரயிலில் தலைமன்னாருக்குக் கொண்டுவந்து, அந்தக் கப்பலில் ஏற்றினார்கள். அந்த ரயிலை மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்று சொல்வார்கள். ஸ்டேசனுக்கு ஸ்டேசன் ஆட்கள் நின்று கத்தி அழுவார்களாம். எங்கள் ஹற்றன் நண்பியின் தாத்தாவும் தம்பியும் அப்படித்தான் பிரிந்தார்கள். அண்ணனுக்கு இலங்கை கிடைத்தது, தம்பிக்கு இந்தியா.

பேசாலை ஸ்டேசன் தாண்டித்தான் அந்தக் கோச்சி போயிருக்கும். அம்மம்மாவிடம் கேட்டோம். "ஓம், போகும். சனம் நிறைஞ்சு போகும். சட்டி பானை, கோழி எல்லாம் கொண்டு போகுங்கள். நாங்கள் ஸ்டேசனில நிண்டு பாப்பம்." பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: "அப்ப எங்களுக்கு விளங்கேல்ல பிள்ள. அது அவையின்ர பிரச்சினை எண்டு நினைச்சம்."

இந்த வசனத்தை எழுதாமல் விடலாமா என்று நாங்கள் மூன்று பேரும் யோசித்தோம். எழுதத்தான் வேண்டும். வடக்கில் நாங்கள் எங்கள் கதையைச் சொல்லும்போது 1983இல் இருந்து தொடங்குவோம். எங்கள் வாசலால் அந்த ரயில் எத்தனையோ வருடம் போனதை விட்டுவிடுவோம். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி உட்பட இந்தத் தீவின் முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேற்றினதையும் பெரும்பாலும் விட்டுவிடுவோம். நாங்கள் வெளிக்கிட வேண்டி வந்தபோதுதான் வெளிக்கிடுவது என்றால் என்ன என்று தெரிந்தது.

மண்டபத்தின் மூன்று உயிர்

நாங்கள் வளர்ந்த மண்டபம் முகாமை ஒருத்தரும் சுற்றுலா இடமாகக் காட்டுவதில்லை. பாம்பன் பாலத்துக்கு வருகிற கார்கள் அதைக் கடந்துதான் போகின்றன. ஆனால் இந்தக் கடலின் வரலாறு தெரிய வேண்டும் என்றால் தனுஷ்கோடியை விட அங்கேதான் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

அந்த முகாம் எங்களுக்காகக் கட்டியது இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போகிற தமிழ்நாட்டுச் சனத்தைத் தடுத்து வைத்து, கொலரா போன்ற வருத்தம் இல்லை என்று மருத்துவச் சோதனை செய்து அனுப்புவதற்காக இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய இடம் அது. ரயிலும் கப்பலும் வருவதற்கு முந்தின காலத்தில் போனவர்கள் தோணியில் மன்னாருக்கு வந்து, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. மண்டபத்தில் தங்கி, ரயிலில் தனுஷ்கோடி போய், கப்பல் ஏறினவர்கள் அதற்குப் பிந்தின தலைமுறை.

இரண்டாவது உயிர், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் திரும்பி வந்தவர்களுக்கு. அவர்களின் பாட்டன்மார் போன அதே இடத்துக்கு அவர்கள் வந்து தங்கினார்கள். அங்கிருந்துதான் அவர்களைத் தமிழ்நாட்டின் பல மூலைகளுக்கும் பிரித்து அனுப்பினார்கள். 1984இல் சண்டையால் கப்பல் நின்றது, அனுப்புகிறதும் நின்றது.

மூன்றாவது உயிர் எங்களுடையது. 1983 ஜூலைக்குப் பிறகு வள்ளத்தில் வந்தவர்களுக்கு அது அகதி முகாம். அன்றில் இருந்து தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேலே. 1992க்கும் 1995க்கும் இடையில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களிலும் கொஞ்சப் பேர் மறுபடி வள்ளம் ஏறினார்கள்.

முகாமில் எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பத்தை எடுத்தால் இந்த மூன்று உயிரும் ஒரே குடும்பத்துக்குள் இருக்கிறது. பூட்டன் கூலியாக மண்டபத்தால் மலையகத்துக்குப் போனவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் வவுனியாவுக்கு இறங்கியது. 1990இல் மன்னாருக்கு வந்து வள்ளம் ஏறி, மறுபடி மண்டபம். அந்த வீட்டுப் பிள்ளை எங்களோடு பத்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே வாங்கில் இருந்து படித்தாள். பிறந்தது இந்தியாவில், பூட்டன் பிறந்ததும் இந்தியாவில். ஆனாலும் அவளுக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாட்டில் இருந்து வந்தவர்களைப் பற்றித்தான் பேசியது. 2021இல் தமிழ்நாட்டு அரசாங்கம் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அவள் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி: "போர்டு புதுசு, வீடு பழசு."

அம்மா இறங்கவில்லை

அரிச்சல்முனையில் றோட்டு ஒரு வட்டமாக முடிகிறது. நடுவில் சிங்கத் தலை வைத்த தூண். அதற்கு அப்பால் மணல், இரண்டு கடலும் வந்து முட்டுகிற இடம், பிறகு ஒன்றும் இல்லை. எல்லாரும் இறங்கி ஓடினோம். மாமாவின் போனுக்கு 'இலங்கைக்கு நல்வரவு' என்று ஒரு மெசேஜ் வந்தது. அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய்த் தனியாக நின்றார்.

அம்மா காரை விட்டு இறங்கவில்லை. தலையிடி என்றா. நாங்களும் நம்பினோம்.

திரும்பி வரும்போது பெரியம்மாதான் சொன்னா. 2006 ஜூன் 17 அன்று பேசாலையில் என்ன நடந்தது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். காலையில் கடலில் சண்டை. சனம் பயந்து வெற்றி அன்னை கோயிலுக்குள் ஓடியது. கோயிலுக்குள் குண்டு விழுந்தது. ஒரு வயதான அம்மா செத்தா, எத்தனையோ பேருக்குக் காயம். கரையில் மீன்பிடிக்காரர் சுடப்பட்டார்கள். எங்களுக்கு அப்போது மூன்று நான்கு வயது. கொஞ்ச நாளில் எங்கள் இரண்டு குடும்பமும் இரவோடு இரவாக வள்ளம் ஏறியது. ஓட்டி ஒரு மணல் தீடையில் இறக்கிவிட்டு, "இதுதான் இந்தியா, விடிய ஆக்கள் வருவினம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விடிந்து பார்த்தால் சுற்றிவரக் கடல். தண்ணீர் ஏறிக்கொண்டு வந்தது. எங்களைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்களாம். மத்தியானம் போல ராமேஸ்வரத்து நாட்டுப்படகு ஒன்று கண்டு, ஏற்றிக்கொண்டு வந்து கரையில் விட்டது. அந்தக் கரை, டவேரா நின்ற இடத்துக்குக் கிட்டத்தான் எங்கேயோ.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நடந்தது இல்லை. இந்தத் தீடைகளில் இறக்கிவிடப்பட்ட ஆட்களின் கதை மண்டபத்தில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். டூரிஸ்ட் ஆட்கள் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து "அங்க தெரியுதே, அதான் ஸ்ரீலங்கா" என்று தேடுகிற திசையில் அம்மா பார்க்க விரும்பாத ஒரு இடம் இருந்தது.

போய் வந்த பிறகு

அந்த வருடக் கடைசியில் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். பிளேனில். போகும்போது ஒரு இரவு எடுத்த முப்பது கிலோமீற்றர், திரும்பும்போது சென்னை, கொழும்பு, பிறகு பஸ் என்று இரண்டு நாள் எடுத்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஒரு அலுவலகத்தில் கொடுத்தால் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்புவார்கள், அங்கே இருந்து மறுபடி முதல் அலுவலகம். ஓ.எல் எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முகாமில் எங்களைச் 'சிலோன்காரப் பிள்ளைகள்' என்றார்கள். பேசாலையில் 'இந்தியாப் பிள்ளைகள்' என்றார்கள். கதைக்கிற தமிழை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். "என்னங்க" என்று ஒரு தரம் வாய் தவறிச் சொன்னதற்கு வகுப்பே ஒரு கிழமை சிரித்தது.

2022 மார்ச்சில் பெற்றோல் இல்லை, மா இல்லை, மின்சாரம் இல்லை என்ற நேரம், மன்னாரில் இருந்து மறுபடி வள்ளங்கள் போகத் தொடங்கின. முதல் நாள் போனது பதினாறு பேர். அவர்களில் கொஞ்சப் பேரையும் மணல் திட்டில்தான் இறக்கிவிட்டிருந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. "நாங்கள் வந்தது பிழையோ?" என்று அப்பா கேட்டார். அம்மா மட்டும் சொன்னா: "இனி நான் அந்தத் தீடையில நிக்கமாட்டன். பட்டினி எண்டாலும் இஞ்சதான்."

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அக்கரையில் இருந்து வருகிற றோலர்கள் எங்கள் கடலின் அடியை வழித்துக்கொண்டு போகின்றன. இலங்கையில் இழுவை மடித் தொழிலை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். அக்கரைப் படகுகளுக்கு அது பொருட்டில்லை. அவர்கள் கடலுக்கு வருகிற நாட்களில் பேசாலையில் வலை போடவே பயம். சித்தப்பாவின் வலை போன வருடம் இரண்டு தரம் அறுந்தது. ஒரு தரம் கோபத்தில் அவர் ராமேஸ்வரத்து ஆட்களைத் திட்டிக்கொண்டிருக்க, பெரியம்மா குறுக்கே புகுந்தா: "டேய், உன்ர அக்காவின்ர பிள்ளையளத் தூக்கினதும் அந்த ஊர் வள்ளம்தான்." சித்தப்பா சொன்னார்: "தூக்கினது நாட்டுப்படகு. அறுக்கிறது றோலர். ரெண்டும் ஒண்டில்ல."

அவர் சொன்னதில் ஒரு அரசியல் இருக்கிறது. நாட்டுப்படகு ஒரு ஏழையின் படகு, றோலர் ஒரு முதலாளியின் படகு. 1974இலும் 1976இலும் இரண்டு நாடும் கடலில் கோடு போட்டபோது மீன்பிடிக்காரரிடமும் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த றோலர்களில் கூலிக்குப் போகிறவர்களில் எங்களோடு படித்த பையன்களும் இருக்கிறார்கள். ஒருத்தனை இங்கே பிடித்துச் சிறையில் வைத்த செய்தியை நாங்கள் பேசாலையில் இருந்துகொண்டு பேஸ்புக்கில் பார்த்தோம். சந்தோசப்படுவதா, கவலைப்படுவதா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

தலைமன்னாருக்கு ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது 2015 மார்ச்சில். பேசாலை ஸ்டேசனும் மறுபடி வந்துவிட்டது. தென்கடல் ஓரம் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள். தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பலும் வரும் என்று எலெக்சனுக்கு எலெக்சன் சொல்கிறார்கள். வந்தால் நல்லதுதான். அம்மம்மாவை இன்னொரு தரம் வேளாங்கண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், ஹற்றன் நண்பி தாத்தாவின் தம்பி குடும்பத்தைத் தேடிப் போகலாம், முகாமில் இருக்கிற எங்கள் பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம். ஆனால் அவள் இங்கே வர என்ன பாஸ்போர்ட்டில் வருவாள்? கப்பல் வந்தாலும் இந்தக் கேள்வி அப்படியேதான் நிற்கும்.

மண்டபத்தில் இருந்தபோது பேசாலையை 'அக்கரை' என்று சொன்னோம். இப்போது பேசாலையில் இருந்துகொண்டு மண்டபத்தை 'அக்கரை' என்று சொல்கிறோம். ஹற்றன் நண்பியைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்குப் பியரில், இந்தியாப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று பேரும் ஒரு படம் எடுத்தோம். 2018இல் அரிச்சல்முனையில், இலங்கைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மாமா எடுத்துத் தந்த படமும் போனில் இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்மாவுக்குக் காட்டினோம். பின்னால் இரண்டிலும் கடல்தான். அம்மா கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பார்த்துவிட்டுக் கேட்டா:

"இதில எது இஞ்ச எடுத்தது?"